ஆங்கிலக் கட்டுரையும் கவிதையும் நடத்துவது எப்படி? முதல்முறை வகுப்புக்குப் போகிறவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்திருக்கிறீர்கள். வரும் பருவத்தில் மேல்நிலை வகுப்பு ஒன்றுக்கும் கல்லூரி முதலாண்டு ஒன்றுக்கும் கட்டுரை எழுதவும் இலக்கியம் படிக்கவும் சொல்லித்தர வேண்டும், வகுப்புக்கு நாற்பது பேர். கட்டுரைகளை எப்படித் திருத்துவது, இலக்கணத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, நோட்ஸ் கொடுக்காமல் கவிதை நடத்த முடியுமா, சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது, இவைதான் கேள்விகள்.

இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையைப் பார்த்துவிட்டேன். இந்த நான்கு கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒரே சிக்கல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: மாணவர் செய்ய வேண்டிய வேலையை ஆசிரியர் செய்துவிடுவது. கட்டுரையில் பிழையை நாமே தேடி நாமே சரிசெய்கிறோம். கவிதையை நாமே வாசித்து, பொருளை நாமே கண்டுபிடித்து, எழுதிக்கொள் என்று சொல்கிறோம். அப்படி வளர்ந்த பையன் சாட்ஜிபிடியிடம் போனால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, இதுவரை ஆசிரியர் செய்துகொடுத்ததை இப்போது அது செய்துகொடுக்கிறது.

சரி, முதலில் திருத்தம். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரை திருத்தக் கால்மணி நேரம் ஆகும். நாற்பது கட்டுரைக்குப் பத்து மணி நேரம், அந்த வாரத்து சனி ஞாயிறு அதோடு போச்சு. ஒவ்வொரு பிழைக்கும் மேலே சரியான வடிவத்தை எழுதி, ஓரத்தில் ஒரு வரி, அடியில் இரண்டு வரி என்று தாளையே சிவப்பாக்கித் திருப்பிக் கொடுப்பேன். வாங்கியதும் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவனின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், மடித்துப் பைக்குள் வைப்பார்கள். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்து நிற்கும். கொஞ்ச நாள் மாணவர்கள்மேல் கோபப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்தப் பத்து மணி நேரத்தில் ஆங்கிலத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டது நான் ஒருவன் மட்டும்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டுரைப் பாடம் நடத்துவதையே ஒரு ஆய்வுத் துறையாக வளர்த்தெடுத்தவர்கள் இதை 1970களிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். நான்சி சாமர்ஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்கள் தாளில் எழுதும் குறிப்புகளையே எடுத்துவைத்துப் பார்த்தார். அவர் கண்டது இரண்டு. ஒன்று, பெரும்பாலான குறிப்புகள் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, ஒரு தாளிலிருந்து வெட்டி இன்னொரு தாளில் ஒட்டினாலும் பொருந்தும். 'இன்னும் தெளிவாக எழுது' என்பது எந்தத் தாளுக்குத்தான் பொருந்தாது? இரண்டு, ஒரே பத்தியில் கமாவைச் சரிசெய் என்றும் சொல்கிறோம், இந்தப் பத்தியை விரித்து எழுது என்றும் சொல்கிறோம். பத்தியே மாறப்போகிறது என்றால் கமாவை ஏன் தொட வேண்டும்? எது முக்கியம் என்று மாணவருக்குத் தெரியாது. சுலபமானதை, அதாவது கமாவை, செய்துவிட்டு வந்து நிற்பார்.

ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற ஆசிரியர் 1983-இல் எழுதியது என் பழக்கத்தையே மாற்றியது. பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் மட்டும் போடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். மாணவர் தானே தேடிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்கள் தாங்களாகவே திருத்திவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயங்களில்லை அவை, கவனிக்காமல் விட்டவை. மிச்சம் நிற்பதுதான் உண்மையிலேயே தெரியாதது, நாம் நேரம் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

அந்த மிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு மினா ஷாக்னெசியை விட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. 1970-இல் நியூயார்க் சிட்டி காலேஜ் சேர்க்கை விதிகளைத் தளர்த்தியபோது, கட்டுரை எழுதிப் பழக்கமே இல்லாத மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். இவர்களைத் தேற்றவே முடியாது என்று கைகழுவியவர்கள் உண்டு. அங்கே ஆசிரியராக இருந்த ஷாக்னெசி, அந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் சாரம், பிழைக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பது. உதாரணமாக 'தி பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதுகிற மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விதி தெரியாது என்று நினைப்போம். ஆனால் பன்மைக்கு எஸ் சேர்க்க வேண்டும் என்ற விதி அவருக்கு நன்றாகவே தெரியும், அதை வினைச்சொல்வரை நீட்டிவிட்டார், அவ்வளவுதான். 'ஏன் இங்கே எஸ் போட்டாய்?' என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் காரணம் வெளியே வரும். சிவப்பு மையால் அடித்தால் வராது.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் வரைவில் மொழிப்பிழை எதையும் தொடுவதில்லை. கை பரபரக்கும், பேனாவை மூடி வைத்துவிடுங்கள். கீழே மூன்று விஷயம் மட்டும் எழுதுவேன்: நீ சொல்ல வருவது இது என்று நான் புரிந்துகொண்டேன், இந்த இடத்தில் எனக்குப் புரியாமல் போனது, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல். மதிப்பெண் போட மாட்டேன், எண்ணைப் பார்த்தால் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். இதற்கு ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம் போதும். 'நீ சொல்ல வருவது இது' என்ற முதல் வரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதுதான் அதிகம் வேலை செய்கிறது. 'சார், நான் அதைச் சொல்லவே இல்லை' என்று ஒரு பெண் எழுந்து நின்றால் அந்தக் கட்டுரை அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டாவது வரைவில் ஓரத்து அடையாளம், அதுவும் வகுப்பில் அன்று பேசிய இரண்டு வகைப் பிழைகளுக்கு மட்டும். மற்றதெல்லாம் அடுத்த முறை.

அப்புறம், நாற்பது பேரும் ஒரே வாரத்தில் தாள் கொடுக்கத் தேவையில்லை. வாரத்துக்குப் பத்துப் பேர் என்று சுழற்சி வைத்துக்கொண்டால் நீங்களும் மனிதராக இருக்கலாம். மற்ற முப்பது பேரும் அந்த வாரமும் எழுதுவார்கள், நீங்கள் படிக்க வேண்டியதில்லை. எழுதுவதையெல்லாம் ஆசிரியர் படித்தே ஆக வேண்டும் என்றால், ஆசிரியர் படிக்க முடிகிற அளவுக்கு மேல் மாணவர் எழுதவே முடியாது. பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-இல் பரப்பிய ஒரு பயிற்சி உண்டு: பத்து நிமிஷம் பேனாவை நிறுத்தாமல் எழுத வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது, பின்னால் போய்ப் படிக்கக் கூடாது, எதுவும் வரவில்லை என்றால் எதுவும் வரவில்லை என்றே எழுத வேண்டும். இதை யாரும் திருத்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதவே பயப்படுகிற மாணவர்களிடம் இதை மூன்று வாரம் செய்து பாருங்கள். எழுத்து அழகாகிவிடாது. வெற்றுத்தாளைப் பார்த்து உறைந்துபோவது நிற்கும்.

ஐந்து பத்திக் கட்டுரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரமே அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை. பள்ளி வகுப்பில் இதை நான் எதிர்ப்பதில்லை. தேர்வில் முக்கால்மணி நேரத்தில் எதையாவது ஒழுங்காக எழுதி முடிக்க ஒரு சட்டகம் வேண்டும்தான். கல்லூரிக்கு வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் சிக்கல். அதை உடைக்க ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். நடுவில் உள்ள மூன்று பத்திகளையும் இடம் மாற்றி வைத்துப் படிக்கச் சொல்வேன். எதுவுமே கெடவில்லை என்றால் அது வாதம் கிடையாது, பட்டியல். வாதம் என்றால் இரண்டாவது பத்தி முதல் பத்தியின் தோளில் ஏறி நிற்க வேண்டும், தூக்கினால் விழ வேண்டும். இதோடு இன்னொன்று: மையக் கருத்தாக மாணவர் எழுதிய வரிக்கு, புத்தியுள்ள ஒருவர் 'இல்லை' என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். 'சமூக ஊடகங்களால் நன்மையும் உண்டு தீமையும் உண்டு' என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத வரிக்கு ஐந்து பத்தி எதற்கு?

இலக்கணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1963-இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர் சங்கம் வெளியிட்ட ஓர் அறிக்கை, அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, இலக்கணத்தை மட்டும் தனியாக நடத்துவதால் எழுத்தில் சொல்லத்தக்க பலன் இல்லை, எழுத வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலாகவும் ஆகலாம் என்று சொன்னது. இன்றுவரை அதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. குறிப்பாக, ஆங்கிலத்தை வீட்டில் பேசாதவர்களுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. தமிழில் 'ஏ', 'தி' மாதிரியான சொற்களே கிடையாது, அதைக் காதால் பிடித்துக்கொள் என்று சொல்ல முடியாது, விளக்கத்தான் வேண்டும். ஆனால் விளக்கம் பத்து நிமிஷம், பிறகு அவர்கள் தாளிலேயே தேடல். வாக்கிய அமைப்புக்கு நான் நம்புவது வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியைத்தான்: நான்கு குட்டி வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வது. நாற்பது பேரிடமிருந்து ஏழெட்டு விதமான விடை வரும். எது சரி என்று கேட்காதீர்கள், எதில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். இலக்கணப் பாடம் அங்கேயே இலக்கியப் பாடமாக மாறிவிடும்.

இப்போது கவிதை. நோட்ஸ் இல்லாமல் முடியுமா என்றால், முடியும். ஆனால் முதல் இரண்டு வாரம் வகுப்பில் ஒரு மயான அமைதி இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நாம் கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடிகூடப் பொறுக்காமல் பதிலையும் சொல்லிவிடுகிறோம், மாணவர்களுக்கு அது தெரியும், அதனால் காத்திருக்கிறார்கள். நீங்களும் காத்திருங்கள். மனதுக்குள் இருபதுவரை எண்ணுங்கள்.

ஒரு பாடத்தை முழுசாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் 'தி ரோட் நாட் டேக்கன்', காட்டில் பிரியும் இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் பேசும் கவிதை, 1915-இல் வெளிவந்தது, ஐந்தைந்து வரியாக நான்கு பத்தி, மொத்தம் இருபது வரி. இதை ஏன் எடுக்கிறேன் என்றால் மாணவர்கள் ஏற்கெனவே இதற்கு ஒரு பொருளைக் கேள்விப்பட்டு வந்திருப்பார்கள்: கூட்டம் போகாத பாதையில் துணிந்து போனவன் வென்றான். நான் அதை மறுக்க மாட்டேன். பலகையில் அப்படியே எழுதிவைப்பேன். பிறகு ஒரே வேலை: இரண்டு பாதைகளும் எப்படி இருந்தன என்று கவிதை சொல்கிற இடத்தையெல்லாம் கோடிட்டுக்கொண்டு வா. வேறு எதுவும் வேண்டாம், கருத்து வேண்டாம், அணி வேண்டாம்.

பத்து நிமிஷத்தில் யாராவது ஒருவர் தலைநிமிர்வார். ஏனென்றால் இரண்டாவது பத்தியில், ஒரு பாதையில் புல் கொஞ்சம் அதிகம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள், நடந்து தேய்ந்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதே குரல் சொல்லிவிடுகிறது. மூன்றாவது பத்தியில், அன்று காலை இரண்டு பாதையிலும் யார் காலும் படாத இலைகள்தான் கிடந்தன. அப்படியானால் கூட்டம் போகாத பாதை எங்கே? கடைசிப் பத்தியில்தான் அது வருகிறது, அதுவும் பல வருஷம் கழித்து இதை நான் ஒரு பெருமூச்சோடு இப்படிச் சொல்வேன் என்ற முன்னறிவிப்போடு. அதாவது நடந்தது வேறு, பிற்காலத்தில் சொல்லப்போகும் கதை வேறு. பலகையில் எழுதிவைத்ததை இப்போது வகுப்பே அழிக்கச் சொல்லும். சிலர் அழிக்க விடமாட்டார்கள், பெருமூச்சு திருப்தியின் பெருமூச்சாகவும் இருக்கலாமே என்பார்கள். சண்டை போடட்டும், ஆனால் ஒவ்வொருவரும் வரி எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். எந்த வரியில் பார்த்தாய்? இந்த ஒரு கேள்விதான் என் இலக்கியப் பாடம் முழுவதும்.

இதெல்லாம் முடிந்த பிறகு, முடிந்த பிறகுதான், கவிஞரின் கதைக்கு வருவேன். இங்கிலாந்தில் ஃப்ராஸ்ட்டோடு நடைபோன நண்பர் எட்வர்ட் தாமஸ் எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று வருந்துவாராம், அவரைக் கிண்டல் செய்யத்தான் இதை எழுதியதாக ஃப்ராஸ்ட் சொல்லியிருக்கிறார். தாமஸ் முதல் உலகப் போருக்குப் போய் 1917-இல் பிரான்ஸில் அர்ராஸ் என்ற இடத்தில் இறந்துபோனார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அதை எழுதிக்கொண்டு கவிதையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் குறிப்பை முதலில் கொடுக்கும் பழக்கத்தைத்தான் இதனால் எதிர்க்கிறேன். கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிதைகளைக் கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச்சொன்னார். 1929-இல் அவர் வெளியிட்ட முடிவுகளைப் படித்தால் நல்ல மாணவர்களே எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்று தெரியும். பெயர் என்ற ஊன்றுகோல் இல்லாதபோதுதான் வாசிக்கத் தெரிகிறதா இல்லையா என்பது வெளிப்படுகிறது.

நாடகத்துக்கு ஒரு வரி: உட்கார வைத்து நடத்தாதீர்கள். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், கொலை முடிந்து வந்த கணவனும் மனைவியும் ஒற்றைச் சொல்லில் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் இடத்தை இரண்டு பேரை எழுப்பிக் கிசுகிசுப்பாகச் சொல்ல வையுங்கள். பயம் என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. நாவல் பெரிய விஷயம், அதற்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, கதைச்சுருக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இலக்கியமும் கட்டுரையும் இரண்டு பாடம் என்று நினைத்துக்கொண்டு கால அட்டவணையில் பிரித்துவைத்திருப்பார்கள். நீங்கள் பிரிக்காதீர்கள். ஃப்ராஸ்ட் வகுப்புக்கு அடுத்த நாள் நான் கொடுக்கும் வேலை, கவிதையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஒரே ஒரு பத்தி. அந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் இருந்திருந்தால் எது மாறியிருக்கும்? பள்ளி மாணவருக்கு நூறு சொல், கல்லூரி மாணவருக்கு இருநூறு, கூடவே தன் கருத்துக்கு எதிர்க்கருத்து ஒன்றையும் நியாயமாக எடுத்துச்சொல்லிப் பதில் தர வேண்டும். இரண்டு வகுப்புக்கும் நான் வைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது, அது உங்கள் கடைசிக் கேள்வி. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபோது நானும் கண்டுபிடிக்கும் கருவிகளைத் தேடி ஓடினேன். அந்த வழி வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே எடுத்துவிட்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல், சராசரியாக, இயந்திரம் எழுதியது என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொல், நேரான வாக்கியம் எழுதினால் சந்தேகம் வருகிறது. நம் மாணவர்கள் எழுதுவதே அப்படித்தானே, அதை வைத்து ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வையுங்கள், வீட்டில் திருத்தட்டும். இரண்டு வரைவுக்கும் நடுவில் எதை ஏன் மாற்றினாய் என்று மூன்று நிமிஷம் வாயால் சொல்லட்டும். வகுப்பில் நடந்த சண்டையைக் குறிப்பிட்டே கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது, நேற்று மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்த வாதம் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. இதையும் ஏமாற்ற வழி இருக்கும். இருந்தாலும் ஏமாற்றுவதற்கு ஆகும் உழைப்பு எழுதுவதற்கு ஆகும் உழைப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. இந்த முறையில் போனால் உங்கள் மாணவர்களின் நோட்டில் சிவப்பு மை ரொம்பக் குறைவாக இருக்கும். எங்கள் நிறுவனத்தில் ஒருமுறை பார்வையிட வந்தவர் முதல் வரைவுகளைப் புரட்டிவிட்டு, இந்த ஆசிரியர் திருத்துவதே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார், அதற்கு விளக்கம் கொடுத்து முடிக்க ஒரு மாதம் ஆனது. ஆகவே பருவம் தொடங்குமுன் துறைத்தலைவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். முதல் வரைவில் பிழை திருத்தப்படாது, இரண்டாவதில் ஓர அடையாளம் மட்டும் இருக்கும் என்று நான்கு வரி அடித்து ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். பெற்றோர் கேட்டாலும் அதையே காட்டலாம்.